லைக்ரா இல்லாமலும் துணி இழுபடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயில் நெருங்குகிறது. வேலூர் லாங்கு பஜாரில் எந்தத் துணிக்கடையில் ஏறினாலும் பெண் பிள்ளைகளுக்கு முதலில் எடுத்துப் போடுவது லெக்கிங்ஸ். பையன்களுக்கு இழுபடும் ஜீன்ஸ், இல்லாவிட்டால் டிராக் பேண்ட். முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்களுக்கு உள்ளே போட மீன்வால் பாவாடை. எல்லாவற்றுக்கும் கடைக்காரர் சொல்லும் பெருமை ஒன்றுதான்: "இழுத்துப் பாருங்க, எவ்வளவு வருது!" அந்த இழுவை எங்கிருந்து வருகிறது, வேலூர் வெயிலில் அது தோலை என்ன செய்கிறது, அதே வசதியைப் பருத்தியில் எப்படிப் பெறலாம் என்பதைத் துணியிலும் தையலிலும் பழகிய நாங்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம்.

சிந்தெடிக் என்றாலே நஞ்சு என்று கூச்சல் போடுவது எங்கள் வேலையில்லை. இறுக்கம், வேர்வையை உறிஞ்சாத நூல், பத்து மணி நேரம் கழற்றாமல் இருப்பது ஆகிய மூன்றும் ஒரே உடம்பில் சேரும்போதுதான் தொல்லை. மூன்றில் முதல் இரண்டைத் தையல்காரரே தீர்த்துவிடலாம்.

லைக்ரா என்பது ஒரு வணிகப் பெயர். ஜெராக்ஸ் மாதிரி எல்லா இழுவை நூலுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நூலின் பெயர் ஸ்பான்டெக்ஸ் அல்லது எலாஸ்டேன். 1958-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. மெத்தைக்கு வைக்கும் ஃபோம் போலவே பாலியூரித்தேன் குடும்பத்தைச் சேர்ந்தது. தன் நீளத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீண்டு, விட்டதும் சுருங்கிவிடும். இதை மட்டும் நெய்து யாரும் உடுத்துவதில்லை. ஜீன்ஸில் நூற்றுக்கு 1 முதல் 3 பங்கு, காட்டன் லைக்ரா லெக்கிங்ஸில் 5 பங்கு, விளையாட்டு உடையில் 10 முதல் 20 பங்கு என்ற அளவில் கலப்பார்கள். ஆகவே உங்கள் தோலில் படுவது பெரும்பாலும் அதன் கூட்டாளி நூல்தான். 95 பங்கு பருத்தியும் 5 பங்கு லைக்ராவும் சேர்ந்த லெக்கிங்ஸ் வேறு, 85 பங்கு பாலியஸ்டரும் 15 பங்கு லைக்ராவும் சேர்ந்தது வேறு. கடையில் இரண்டும் ஒரே கொடியில் தொங்கும். இரண்டாவதுதான் வழவழப்பாக இருக்கும், சாயமும் பளிச்சென்று இருக்கும், அதனால் சீக்கிரம் விற்கும்.

இந்தக் கூட்டாளி நூலைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும் திறன் ஒவ்வொரு நூலுக்கும் உண்டு. 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தை ஏந்திக்கொண்டும் கைக்கு உலர்ந்தே தெரியும். பட்டு 11 கிராம், ரேயான் 11 முதல் 13, கம்பளி 16. நைலான் 4. பாலியஸ்டர்? அரை கிராம்கூட இல்லை, 0.4. ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் கழியும். ஆவியாகாமல் தோலிலேயே நின்றால் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. ஆற்றில் நீரில்லை, மலையில் மரமில்லை என்று நம் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. பகலெல்லாம் காய்ந்த பாறை மலைகள் ராத்திரியிலும் அனல் விடும் ஊரில், மே மாதம் 42, 43 டிகிரி அடிக்கும்போது, உள்ளே பாலியஸ்டர் லெக்கிங்ஸ், மேலே டாப்ஸ், அதற்கு மேல் வேலைக்கான ஓவர்கோட் என்று ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்களின் தொடை இடுக்கில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் வருவது வேர்க்குரு. வேர்வை நாளத்தின் வாய் ஊறி அடைபட, உள்ளே வேர்வை தேங்கிச் சிவந்து முட்டும். அதன் மேல் பவுடரைக் கொட்டினால் அடைப்பு இன்னும் கூடும். குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, காற்று படும்படி மல் துணி உடுத்தினாலே பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கும்.

அடுத்தது படை, படர்தாமரை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய படை முன்பு இருந்த படை அல்ல. டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று 2020-இல் தனிப்பெயர் பெற்ற ஒரு பூஞ்சை இந்தியா முழுவதும் பரவியிருக்கிறது. டெர்பினாஃபின் என்ற வழக்கமான பூஞ்சை மருந்துக்குப் பல இடங்களில் அது மசிவதில்லை. மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு க்ரீம்" என்று கேட்டால் கொடுக்கும் கலவைக் களிம்பில் கடுமையான ஸ்டீராய்டு இருந்தால், மூன்றே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே நிம்மதியாகப் பரவும். களிம்பை நிறுத்தியதும் இரண்டு மடங்காக வரும். தோல் மருத்துவர் சொல்லும் நாள்வரை மருந்து எடுப்பது முதல் பாதி. துணி இரண்டாவது பாதி. அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

பூஞ்சையின் வித்து சாதாரணத் துவையலில் சாகாது. 60 டிகிரி வெந்நீரில் முக்கால் மணி நேரம் இருக்க வேண்டும். கையை வைத்தால் உடனே எடுத்துவிடும் சூடு அது. கொதித்த தண்ணீரில் அதே அளவு பச்சைத் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய அந்தச் சூடு கிடைக்கும், மூடி வைத்தால் கொஞ்ச நேரம் நிற்கும், பாதியில் ஒருமுறை சூடு ஏற்றிக்கொள்ளலாம். பிறகு உட்புறத்தை வெளியே திருப்பி நல்ல வெயிலில் உலர்த்தி, தையல் மடிப்புகளின் மேல் சூடான இஸ்திரி போட வேண்டும். சிக்கல் இங்கேதான் வருகிறது. ஸ்பான்டெக்ஸ் வெந்நீரையும் கடும் வெயிலையும் இஸ்திரிப் பெட்டியையும் தாங்காது. லேபிளிலேயே 30 அல்லது 40 டிகிரிக்கு மேல் வேண்டாம், நிழலில் உலர்த்தவும் என்று போட்டிருக்கும். அந்த விதிப்படி துவைத்தால் பூஞ்சை பிழைக்கும். மருத்துவர் சொன்னபடி துவைத்தால் துணி தொளதொளத்துப் போகும். கொதிநீர் தாங்காத துணியை உள்ளாடையாக வைத்திருப்பது, படை வந்த வீட்டில் ஆகவே ஆகாது. நோயாளியின் துணியைத் தனி வாளியில் ஊற வையுங்கள். இன்னொன்று, அரைஞாண் கயிறு. குளித்தபின் உடம்பில் எல்லாம் காய்ந்தாலும் அந்தக் கயிறு காயாது. படை குணமாகும்வரை கழற்றி வைப்பது நல்லது; மனம் ஒப்பாவிட்டால் அடிக்கடி புதுக் கயிறு மாற்றுங்கள்.

சாயம் தனி விஷயம். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் நூலோடு வேதிப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் அப்படி இல்லை. 130 டிகிரி வரை அழுத்தத்தில் சூடாக்கி நூலுக்குள் நுழைய விடுவார்கள். பிணைப்பு கிடையாது, உள்ளே கரைந்து நிற்கும், அவ்வளவுதான். சாயமிட்டபின் சரியாக அலசாத மலிவுத் துணியில் மேலே தங்கிய சாயம் வேர்வையோடு தோலுக்கு இறங்கும். டிஸ்பர்ஸ் புளூ 106, டிஸ்பர்ஸ் புளூ 124 ஆகிய இரண்டும் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. நீலத்தில் மட்டுமல்ல, கருப்பு, கருநீலம், அடர் பழுப்பு ஆகியவற்றின் கலவையிலும் இவை இருக்கும். இந்த ஒவ்வாமைக்கு அடையாளம் அது வரும் இடம். துணி உரசும் உள்தொடை, முழங்காலின் பின்மடிப்பு, இடுப்புச் சுற்று, அக்குளின் ஓரங்கள். அக்குளின் குழிவான நடுப்பகுதி தப்பித்துவிடும், ஏனென்றால் அங்கே துணி ஒட்டுவதில்லை. நடுக்குழியிலேயே அரித்தால் ஸ்பிரேயையோ சோப்பையோ சந்தேகப்பட வேண்டும். உறுதி செய்ய, பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவில் ஒட்டுச் சோதனை செய்வார்கள். சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டு, எடுத்துப் பார்த்து, 72 அல்லது 96-ஆவது மணியில் மறுபடி பார்ப்பார்கள். போகும்போது சந்தேகப்படும் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை எளிது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு கரைத்து, வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, புதுத் துணியின் உட்புறத்தில் அழுத்தி இருபது முறை தேயுங்கள். நிறம் ஏறினால் மூன்று முறை தனியாக அலசிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறினால் அது மேலாடைக்கு ஆகலாம், உள்ளே போட வேண்டாம். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: அடர் நிறக் கைலியும் முதல் சில துவையலில் சாயம் விடும். உப்புப் போட்டு ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்பது வீட்டு நம்பிக்கை. சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. நெய்து முடித்து வீட்டுக்கு வந்த துணியில் அது எதையும் பிணைக்காது.

இடுப்பு இலாஸ்டிக்கால் வரும் அரிப்புக்குப் பல சமயம் காரணம் ரப்பரைப் பதப்படுத்தப் போடும் தையூரம், கார்பமேட் வகை ரசாயனங்கள். இதில் நம் வீட்டுத் தவறு ஒன்று உண்டு. வெள்ளை உள்ளாடையைப் பிளீச்சிங் பவுடரில் ஊற வைப்பது. குளோரின் அந்தக் கார்பமேட்டோடு சேர்ந்து தோலைக் கிளறும் புதுப் பொருள் ஒன்றை ரப்பரிலேயே உண்டாக்கிவிடும். அதன்பின் எத்தனை முறை அலசினாலும் இடுப்பில் பட்டை போட்டது போல் அரிக்கும். இலாஸ்டிக் உள்ள துணிக்கு பிளீச் கூடாது. ஏற்கெனவே போட்டுவிட்டால் இலாஸ்டிக்கைப் பிரித்து எடுத்துவிட்டு நாடா கோர்த்துக்கொள்ளுங்கள்.

இறுக்கத்தின் கெடுதலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இடுப்பெலும்பின் முன்முனையில் இறுக்கும் ஜீன்ஸ், தொடையின் வெளிப்புறத்துக்குப் போகும் நரம்பை அழுத்தினால் அங்கே மரமரப்பும் எரிச்சலும் வரும். பேண்டை மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். ஆண்களின் விதைப்பை உடம்பைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டியது. 2018-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 656 ஆண்களிடம் பார்த்தபோது, தளர்ந்த ட்ராயர் போடுபவர்களுக்கு விந்தணு அடர்த்தி 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் நிற்பவர்களும் நாள் முழுக்க லாரி ஓட்டுபவர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ளலாம். பருத்தி என்றால் மட்டும் தப்பு நேராது என்றும் இல்லை. பாவாடை நாடாவையோ புடவையையோ ஒரே இடத்தில், ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டியதால் இடுப்பில் ஆறாத புண்ணாகிப் புற்றாக மாறியதை 2024-இல் இந்திய மருத்துவர்கள் இரண்டு மூதாட்டிகளிடம் பதிவு செய்திருக்கிறார்கள். இடுப்பில் கருத்து, தடித்து, உரிந்த தடம் இருந்தால் நாடா கட்டும் இடத்தை உடனே மாற்றுங்கள். புண்ணாகி மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும், உடம்பின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடிய பிஸ்பினால் ஏ என்ற ரசாயனத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கலிஃபோர்னியாவில் சென்டர் ஃபார் என்விரான்மென்டல் ஹெல்த் என்ற அமைப்பு 2022-இல் ஸ்பான்டெக்ஸ் கலந்த பாலியஸ்டர் விளையாட்டு உடைகளில் அதைச் சோதனையில் கண்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அந்தப் பொருளுக்கான அன்றாட வரம்பை முன்பிருந்ததைவிட இருபதாயிரம் மடங்கு குறைத்தது. ஆளுக்கொரு காணொளி பார்த்து அலற வேண்டாம். வேர்வையோடு நாளெல்லாம் ஒட்டிக்கிடக்கும் துணியாக அதை வைத்துக்கொள்ளாமல் இருந்தாலே பெரும்பகுதி தீர்ந்தது. உடற்பயிற்சி முடிந்ததும் கழற்றிவிடுங்கள். நாற்றத்துக்கும் அது நல்லது: பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 2014-இல் 26 பேரைப் பயிற்சி செய்ய வைத்து முகர்ந்து பார்த்தபோது, பாலியஸ்டர் சட்டைகளே பருத்தியைவிட மோசமாக நாறின.

அடுப்படி விஷயத்தை மட்டும் சுருக்க முடியாது. பாலியஸ்டர் 260 டிகிரியை ஒட்டி உருகும், நைலான் வகையைப் பொறுத்து அதே சூட்டிலோ அதற்கும் கீழேயோ உருகும். நெருப்பு பட்டால் உருகிய துளி தோலில் தார்போல் ஒட்டி ஆழமாகச் சுடும். இறுக்கமான லெக்கிங்ஸில் தோலுக்கும் துணிக்கும் இடைவெளியே கிடையாது. பருத்தி வேகமாகப் பற்றும் என்பது உண்மை, ஆனால் உருகி ஒட்டாது. ஆகவே சமையலுக்கும், தீபாவளிப் பட்டாசுக்கும், ஹோமத்தில் உட்காரும் மணப்பெண்ணுக்கும் உடம்போடு ஒட்டாத, ஆனால் கையும் முந்தானையும் தொங்காத பருத்தியோ அசல் பட்டோதான் சரி. உருகிய துணி தோலில் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்கவே கூடாது. குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் விட்டு, ஒட்டாத பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாவு, பற்பசை, மை எதுவும் வேண்டாம்.

என்ன நூல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லேபிள் இருந்தால் படியுங்கள். எக்ஸ்போர்ட் மிச்சம் என்று விற்பதில் லேபிளை வெட்டியிருப்பார்கள். உள்தையல் ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஒரு நூலும் அகலவாக்கில் ஒரு நூலும் உருவுங்கள். இரண்டும் வேறு வேறாக இருப்பது சகஜம். இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்து, தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிந்த வாசனையும் ஊதினால் பறக்கும் சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது ரேயான். முடி பொசுங்கிய நாற்றமும் நசுக்கினால் பொடியாகும் கரியும் என்றால் பட்டு அல்லது கம்பளி. சுருண்டு, உருகி, கறுத்த புகை விட்டு, ஆறியதும் நசுக்க முடியாத மணியாகிவிட்டால் பாலியஸ்டர். கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் மணி என்றால் கலப்பு. லைக்ரா இருக்கிறதா என்று பார்க்க நெருப்பே வேண்டாம்: வெட்டிய ஓரத்தை இழுத்தால் மற்ற நூல்களுக்கு நடுவே வெள்ளையாக, பிசின்போல் ஓர் இழை நீண்டு நிற்கும்.

பெயர்களில் ஏமாறாதீர்கள். ஆர்ட் சில்க் பட்டு அல்ல. மூங்கில் துணி என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த ரேயான். உடுத்தக் குளிர்ச்சிதான், ஆனால் தயாரிப்பில் கார்பன் டைசல்ஃபைடு என்ற கடுமையான ரசாயனம் உண்டு, நனைந்தால் பலமும் குறையும். கசங்காத பருத்திச் சட்டையில் அந்தக் கசங்காமையைத் தருவது ஃபார்மால்டிஹைடு பிசின். முதல் முறை உடுத்தும் முன் துவைத்தே ஆக வேண்டும். கைத்தறி முத்திரை தறியைத்தான் சொல்லும், நூலை அல்ல. குடியாத்தம் கைலிக்குப் பேர்போன ஊர். ஆனால் கைலியிலும் பாலியஸ்டர் கலந்தது வந்துவிட்டது, ஒரு நூலைக் கொளுத்திப் பார்த்தே வாங்குங்கள்.

இனி மாற்று. லெக்கிங்ஸ் வருமுன் நம் பெண்கள் போட்ட சுடிதாரின் கால்சட்டை ஒரு பொட்டு ரப்பர் இல்லாமல் காலோடு ஒட்டி நின்றது. காரணம் வெட்டு. நெய்த துணியை நேர் இழையில் இழுத்தால் வராது. 45 டிகிரி சாய்வில் இழுத்தால் வரும். தையல்காரர்கள் இதைக் கிராஸ் கட்டிங் என்பார்கள். 36 அங்குல அகலத் துணியில் 2½ மீட்டர் வேண்டும். பாப்ளின் அல்லது கேம்பிரிக் ஏற்றது. வாயில் என்ற துணி மெலிசு, முட்டியில் கிழியும். முதலில் துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து உலர்த்துங்கள். நூற்றுக்கு 5 சுருங்கினாலே 2½ மீட்டரில் 12 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். தைத்தபின் அது போனால் முட்டி மடக்க முடியாது. பிறகு துணியைப் பைபோல ஓரங்களை மூட்டி, அந்த மூட்டுத் தையல் சாய்வாக வரும்படி விரித்து மடித்து, அதன் மேல் வெட்ட வேண்டும். அளவுகள்: தொடைச் சுற்றோடு 4 அங்குலம், முட்டியை மடக்கி அளந்து அதோடு 2 அங்குலம், கெண்டைச் சுற்றோடு 1½ அங்குலம், நீளத்தோடு கணுக்காலில் மடிப்பு விழ 8 அங்குலம். கணுக்கால் வாய் குதிகால் நுழையும் அளவு இருக்க வேண்டும். ஒட்ட வேண்டுமென்றால் மூன்று அங்குலம் திறந்து பிரஸ் பட்டன் வையுங்கள்.

கவட்டில் நான்கு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றைச் சாய்வாக வைத்து மூட்டினால் உட்கார்ந்து எழ, சைக்கிள் மிதிக்க எதுவும் தெறிக்காது. இந்தத் துண்டை மிச்சம் பிடித்துவிட்டு "பருத்தி கிழியுது" என்று சொல்பவர்கள்தான் அதிகம். சாய்வு வெட்டை நேர்த் தையலில் தைத்தால், துணி இழுபடும்போது நூல் அறும். தைக்கும்போது துணியை லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும், அல்லது குறுகிய ஜிக்ஜாக் போட வேண்டும். நூல் பாலியஸ்டர் நூலாகவே இருக்கட்டும், பருத்தி நூல் இங்கே தாங்காது. எங்கள் கொள்கை அந்த அளவுக்குக் கண்டிப்பானதல்ல. வெட்டிய துண்டுகளை ஒரு நாள் தொங்கவிட்டு, அதன்பின் அடி மடியுங்கள், இல்லாவிட்டால் ஒரு கால் நீளமாகும். அரை மீட்டர் மிச்சப்படுத்த நேர் இழையில் வெட்டித் தரும் கடைகள் உண்டு. வாங்கும்போது காலைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், அசையாவிட்டால் அது சுடிதார் இல்லை, ஒல்லி பேண்ட்.

தைக்க நேரமில்லை என்பவர்களுக்குப் பின்னல் துணி இருக்கிறது. பின்னலில் நூல் வளையமாக ஓடுவதால் லைக்ரா சேர்க்காமலே இழுபடும். பனியன் துணியான ஜெர்சி கொஞ்சம், வரிவரியாகப் பின்னும் ரிப் அதைவிட அதிகம். நூறு பங்கு பருத்தியில் இன்டர்லாக் (இரட்டைப் பின்னல்) பேண்ட் கேட்டு வாங்குங்கள். மாலையில் முட்டி தொங்கும், அதுதான் அதன் குறை, துவைத்தால் திரும்பிவிடும். அளவு ஒன்று பெரிதாக எடுங்கள், பின்னல் துணி நெய்த துணியைவிட அதிகம் சுருங்கும்.

ஆண்களுக்கு நம் பட்டாபட்டி ட்ராயரைவிட இந்த வெயிலுக்கு ஏற்ற உள்ளாடை இன்னும் வரவில்லை. சிரிப்பவர்கள் அதையே பாக்ஸர் என்ற பெயரில் மூன்று மடங்கு விலைக்கு வாங்குகிறார்கள். 2 மீட்டர் பருத்திக் கைலி ஒன்றில் பெரியவருக்கு இரண்டு ட்ராயர் வரும். புடவைப் பாவாடைக்குப் பாப்ளினில் ஆறு பீஸ் வெட்டு; இடுப்பிலிருந்து தொடை வரை உடம்போடு ஒட்டி, முட்டிக்குக் கீழே மட்டும் விரிந்தால் மீன்வால் பாவாடையின் மெலிசுத் தோற்றம் வரும், நடக்கவும் முடியும். இடுப்புப் பட்டி 2 அங்குலம், நாடா குறைந்தது 1 அங்குல அகலம். இலாஸ்டிக்தான் வேண்டுமென்றால் 1¼ அங்குலத்தது, இடுப்புச் சுற்றைவிட இரண்டு மூன்று அங்குலம் மட்டும் குறைத்து, தோலில் படாதபடி பருத்தி மடிப்புக்குள் கோர்க்க வேண்டும். கழற்றியபின் அரை மணி நேரத்துக்கு மேல் தடம் இருந்தால் இறுக்கம்.

பருத்தி உடுத்தியும் அரிக்கிறது என்பவர்கள் தண்ணீரைப் பாருங்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் கடினம். சோப்பு அதில் நுரைக்காமல் திரிதிரியாகி நூலில் படியும். துணி விறைத்து, ஈரத்தை உறிஞ்சாமல், தோலை உராயும். பவுடரைக் கூடுதலாகக் கொட்டினால் மிச்சம் இன்னும் தங்கும். அளவைக் குறைத்து மூன்று முறை அலசுங்கள், கடைசி அலசுக்கு மட்டும் மழைநீரோ குடிநீரோ இருந்தால் போதும். மணக்கும் கண்டிஷனர் நூலின் மேல் மெழுகுபோல் பூசிக்கொண்டு உறிஞ்சுவதைத் தடுக்கும். துண்டுக்கும் உள்ளாடைக்கும் அது வேண்டாம்.

இழுவைத் துணியே தேவைப்படும் இடங்களும் உண்டு. காலின் நரம்புச் சுருட்டலுக்கு (வெரிகோஸ் வெயின்) மருத்துவர் தந்த அழுத்தக் காலுறையை இந்தக் கடிதத்தைப் படித்துக் கழற்றிவிடாதீர்கள். நீச்சலுக்கும் நீண்ட ஓட்டத்துக்கும் பருத்தி நனைந்து கனத்துத் தொடையை அறுக்கும். அங்கே சிந்தெடிக்தான் நல்லது, முடிந்ததும் மாற்றிவிட்டால் சரி.

பள்ளி நிர்வாகங்களிடமும் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஜூன் மாதச் சீருடைக்குத் துணி இப்போதுதான் முடிவாகிறது. விளையாட்டு வகுப்புப் பேண்ட் பெரும்பாலும் முழுப் பாலியஸ்டர்; பிள்ளைகள் அந்த நாளில் காலை முதல் மாலை வரை அதிலேயே இருக்கிறார்கள். அதைப் பருத்திப் பின்னலுக்கு மாற்றுங்கள், அல்லது பாதிக்கு மேல் பருத்தி உள்ள கலப்பையாவது எடுங்கள், மாணவிகளுக்குத் தளர்ந்த கால்சட்டையை அனுமதியுங்கள். துணி தருபவரிடம் எந்த நூல் எத்தனை பங்கு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மாதிரித் துண்டு கொடுத்தால், பெற்றோர் கூட்டத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்ட நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
துணி, தையல் தொழில் சார்ந்த வாசகர்கள் சிலர்,
குடியாத்தம், வேலூர்.